சமரசமானால் கோர்ட்டு கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள்

பாக்கி வசூல் வழக்கு நடக்கும்போதே எதிர்த்தரப்போடு பேசி முடித்துவிட்டால், வழக்கை வெறுமனே வாபஸ் வாங்காதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மெமோவைத் தாக்கல் செய்து, கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பத் தரும்படி அதிலேயே கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம். 20 லட்சம் ரூபாய் வழக்கென்றால் 60,000 ரூபாய். சின்ன வியாபாரிக்கு அது பெரிய தொகை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சமரச மையம், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) ஆகியவற்றுக்கு நீதிமன்றம் அனுப்பி முடிந்த வழக்குகளுக்குத்தான் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு, தாங்களாகவே வெளியில் பேசி முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தின் நேரத்தை மிச்சப்படுத்தியவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பதுதானே நியாயம்! கேட்காமல் விடுவதால்தான் பலருக்குப் போய்விடுகிறது.

விசாரணை முழுதாக நடந்து தீர்ப்பு வந்த வழக்குக்கும், ஆஜராகாமல் தள்ளுபடியான வழக்குக்கும் இது கிடையாது. வக்கீல் ஃபீஸும் இதில் சேராது.