எட்டுக்கால் பூச்சி என்றால் பயமா? அதையே ப்ராஜெக்ட்டாக எடுங்கள்

பயத்தைத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் நெட்டில் படம் பிடித்துச் சார்ட்டில் ஒட்டி முடித்துவிடுவார்கள். மதிப்பெண் வரும், பயம் அப்படியே இருக்கும். பயப்படும் பொருளுக்குப் பக்கத்தில், தினமும் கொஞ்ச நேரம், கையில் ஒரு வேலையோடு நிற்க வைக்கிற தலைப்புதான் வேண்டும். சிலந்தி என்றால் நடுங்குகிறவர்களுக்கு ஒன்று: "ஒரே சிலந்தியின் வலை இரண்டு வாரத்தில் எப்படி மாறுகிறது?"

எந்தச் சிலந்தி என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். சுவரில் தட்டையாக ஒட்டியிருந்து, விளக்கைப் போட்டதும் ஓடுகிற பெரிய சிலந்தி வேண்டாம். எந்தப் பக்கம் பாயும் என்றே தெரியாது. வேலியிலும் செடிகளுக்கு நடுவிலும் வட்ட வலை கட்டும் ஆர்ஜியோப் வகை நல்லது. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறிபோல, வலை நடுவில் தலைகீழாக இருக்கும். பல வலைகளில் வெள்ளையாக வளைந்து வளைந்து ஒரு பட்டையும் தெரியும். பகலில் பெரும்பாலும் இடத்தை விட்டு நகராது. பயப்படுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

மூன்று வலைகளைக் குறித்து வையுங்கள். மழையில் ஒன்று போகும், வீட்டில் யாராவது ஒட்டடை அடிக்கும்போது இன்னொன்று போகும்.

தேவையானவை: கருப்புச் சார்ட், 30 செ.மீ. ஸ்கேல், ஸ்ப்ரே பாட்டில், சாக்பீஸ், கடிகாரம், நோட்டு.

வலையிலிருந்து 3, 2, 1, அரை மீட்டர் தூரத்தில் கோடு போடுங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது இழைகள் நன்றாகத் தெரியும். முதலில் தள்ளி 5 நிமிடம் உட்கார்ந்து, நாடித்துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறியுங்கள். ஓடி வந்த கையோடு எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். பிறகு கோட்டில் நின்று, பயத்துக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள்: நின்றவுடன், உச்சத்தில், கிளம்பும்போது. கிளம்பும் முன் நாடியை மறுபடி எண்ணுங்கள்.

ஒவ்வொரு கோட்டிலும் வேலை உண்டு. 3 மீட்டரில் இடத்தின் வரைபடம். 2 மீட்டரில், எத்தனை பூச்சி சிக்குகிறது என்ற கணக்கு. 1 மீட்டரில், பெரியவர் ஒருவர் வலைக்குப் பின்னால் கருப்புச் சார்ட்டைப் பிடிக்க, லேசாகத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து எத்தனை ஆரக்கால் இழைகள் ஓடுகின்றன என்று எண்ணுவது. பெரிய துளியாக விழுந்தால் வலை கிழியும். புகைபோலத் தெளிக்க வேண்டும். அரை மீட்டரில், ஸ்கேலை வலைக்குப் பக்கத்தில் அதே தளத்தில் நீட்டிப் படம் எடுத்து அகலத்தை அளப்பது.

உச்சத்தில் எண் 8 என்றால் 4 ஆகும்வரை நில்லுங்கள்; 20 நிமிடம் ஆனாலும் ஆகட்டும். இரண்டு நாள் தொடர்ந்து பாதியானால்தான் அடுத்த கோடு. பலர் தவறுவது இங்கேதான். உச்சத்தில் ஓடி வந்தால் "ஓடியதால்தான் தப்பித்தோம்" என்று மூளை பதித்துக்கொள்ளும், மறுநாள் அதே கோட்டில் பயம் கூடும். நண்பன் சவால் விட்டான் என்று 3 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குத் தாவுவதும், போன் திரை வழியாக மட்டும் பார்ப்பதும், அண்ணனை முன்னால் நிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதும் அதே கணக்குதான்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: நெருங்கினால் இந்தச் சிலந்தி வலையோடு சேர்த்துத் தன்னைக் குலுக்கும், சில சமயம் இழையில் கீழே இறங்கிவிடும். அது தற்காப்பு, உங்கள் மேல் பாய்வதற்கு அல்ல. தொடுவது இந்த ப்ராஜெக்ட்டில் கிடையாது. மரப்பொந்து, கல்லிடுக்கில் கையை நுழைக்கவே கூடாது.

பயத்தில் மயக்கம் வருகிறது, தூக்கம் போகிறது என்றால் தனியாகத் தொடங்காமல் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இலும் பேசலாம்.

வலையின் அகலம், பயத்தின் எண், நாடித்துடிப்பு மூன்றையும் ஒரே தேதிக் கோட்டின் மேல் வரையுங்கள். பயத்தின் கோடு நேராக இறங்காது. சிலந்தி இரையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்த அன்று மேலே ஏறியிருக்கலாம். அதை அழித்துச் சரிசெய்யாமல், அன்று என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் கேள்வி வருவதும் அந்த இடத்தில்தான்.