வடசென்னையில் முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் பெரியவர்கள் தனியே வசித்தால், வேலைக்கு ஆள் தேடுவதற்கு முன்பாக, படுக்கையிலிருந்து கழிவறை வரை அவர்கள் இரவில் நடக்கும் வழியை ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். உயரமான நிலைப்படி, எப்போதும் ஈரமாக இருக்கும் வழுக்குத் தரை, பிடித்து எழ எதுவும் இல்லாத சுவர் ஆகிய மூன்றுமே பெரும்பாலான வீடுகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு, குந்தி உட்கார முடியாதவர்களுக்கு ஒரு கமோடு நாற்காலி ஆகியவற்றை வாடகை வீட்டிலும், உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாம். மாடியில் இருப்பவர்கள் தண்ணீர்க் குடத்துடன் படியேறுவதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும். என் கருத்தில், உதவியாளருக்கு முதலில் ஒப்படைக்க வேண்டிய வேலை, சமையலைவிட மாடிக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான்.

சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் மருத்துவமனையில் வரிசையில் நிற்க இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைச் சேர்க்குமாறு அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மாத்திரைகளுடன், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் இத்திட்டத்தில் இலவசமாக வீட்டிலேயே வழங்கப்படுகிறது. பிள்ளைகள் கைவிட்டாலோ, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரை வெளியேற்றினாலோ, முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் பராமரிப்பு கேட்டு மனு அளிக்கலாம், இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.