சைக்கிள் போவதை வாகனத்துக்குச் சொல்லும் கருவி: நீங்களே செய்யலாம்

ரியூசன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வீடு திரும்பும் நேரத்தில் நிலாவெளி வீதியில் ஓட்டோ ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்தால், முன்னால் போகும் சைக்கிள் கிட்டப் போகும்வரை தெரியாது. அந்தப் பயம்தான், சைக்கிள் கிட்ட வந்தால் ஓட்டோவில் பஸர் ஒலிக்கும் இந்தக் கருவியை என்னைச் செய்ய வைத்தது.

தேவையானவை: இரண்டு இஎஸ்பி32 போர்டுகள் (வைஃபை உள்ள சிறு கணினிப் போர்டு; ஒன்று சைக்கிளுக்கு, மற்றது ஓட்டோவுக்கு), ஒரு பஸர், ஒரு பவர் பேங்க்.

1. ஆர்டுயினோ மென்பொருளில் இஎஸ்பி-நவ் மாதிரி நிரலைத் திறங்கள். இதற்கு ரவுட்டரோ சிம்மோ வேண்டாம், போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

2. சைக்கிள் போர்டு செக்கனுக்கு 10 தடவை எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறு செய்தி அனுப்பட்டும். வாகனங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல, 5.9 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் கருவிகளும் வழக்கமாக இதே வேகத்தில்தான் அனுப்புகின்றன. 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், இரண்டு செய்திகளுக்கு இடையில் 1.4 மீற்றர்தான் நகரும்.

3. ஓட்டோ போர்டில் பஸரைப் பொருத்துங்கள். இரண்டு போர்டும் ஒரே வைஃபை சனலில் இருக்க வேண்டும். நான் இதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் வயர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

4. இனித்தான் முக்கிய வேலை. 50 கிலோமீற்றர் வேகத்தில், பிரேக்கை மிதிக்கக் கால் போவதற்குள் ஒரு செக்கனில் 14 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியிலேயே நிற்க மேலும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் வேண்டும், மழையென்றால் இன்னும் கூட. ஆகவே 60 மீற்றரிலேயே பஸர் ஒலிக்கட்டும். மெக்கெய்சர் மைதானம் போன்ற திறந்த வெளியில் 60 மீற்றர் அளந்து, அங்கே சைக்கிளை நிறுத்தி, சிக்னல் வலிமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மைனஸ் எண்ணாக வரும், பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். எண் துள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் ஐந்தைந்தாகச் சராசரி எடுங்கள். ஓட்டத்தில் வரும் சராசரி அந்தக் குறித்த எண்ணை எட்டினாலோ தாண்டி வலுத்தாலோ பஸர் ஒலிக்கும்படி ஓட்டோ போர்டின் நிரலில் வையுங்கள்.

5. சைக்கிள் போர்டைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். உடம்பிலுள்ள நீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். சீட்டுக்குப் பின்னால், மழை படாத டப்பாவில் கட்டுங்கள். ஓட்டோவில் முன் கண்ணாடியோரம் வையுங்கள்.

பின் லைற்றையும் ரிஃப்ளெக்டரையும் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். இந்தக் கருவி இல்லாத சைக்கிளுக்குப் பஸர் ஒலிக்காது.

சைக்கிள் முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்பதும் இதற்குத் தெரியாது. அதற்குச் சைக்கிளிலும் ஓட்டோவிலும் ஜிபிஎஸ் மொடியூல் வேண்டும். ஒரு செய்தியில் 250 பைட் வரை போகும் என்பதால், இருக்கும் இடத்தையும் திசையையும் அதிலேயே சேர்த்து அனுப்பிவிடலாம்.