பழைய கேட்டர்பில்லர் டிராக்டர் முன்மாதிரியா என்று வரிசை எண்ணைக் கொண்டு சரிபார்ப்பது எப்படி?

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே ஒரு பண்ணை ஏலத்தில் நின்றிருந்த டி2 செயின் டிராக்டரைக் காட்டி, "இது தொழிற்சாலை சோதனைக்காகச் செய்த வண்டி, அதனால்தான் எண்ணின் முடிவில் எஸ்பி என்று குத்தியிருக்கிறார்கள்" என்று விற்பவர் சொன்னதை நம்பி, நான் சில மாதங்களை வீணாக்கினேன். எஸ்பி என்பது ஸ்பெஷல் என்பதன் சுருக்கமே தவிர வேறொன்றுமில்லை. வழக்கமான அமைப்பில் ஏதோ ஒன்றை மாற்றி அனுப்பிய விற்பனை வண்டி என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைத் தேட வேண்டும். 1930களிலும் 40களிலும் வந்த வண்டிகளில் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு தகடும், பின்புறக் கியர் பெட்டியின் இரும்பிலேயே குத்திய எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். அழுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தாலே போதும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்ப்பவர்களை நான் அறவே ஆதரிப்பதில்லை, ஏனெனில் ஆழமில்லாத எழுத்து அதிலேயே அழிந்துவிடும். கைபேசிப் படத்தைவிட, எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் பிரதி பல மடங்கு நம்பகமானது; 3, 8 ஆகிய இரண்டையும் படத்தில் குழப்பிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அடுத்தது, என்னைத் தடுக்கி விழச் செய்த இடம். கேட்டர்பில்லரின் பழைய உதிரிபாக எண்களும் வண்டி எண்களும் ஒரே வடிவத்தில் இருக்கும்: ஓர் இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, பிறகு சில இலக்கங்கள். ஆகவே கியர் பெட்டியின் மேல் புடைத்துக்கொண்டிருந்த ஓர் எண்ணை வரிசை எண் என்று கருதி, எந்தப் பட்டியலிலும் இல்லாத முன்னொட்டு (எண்ணின் தொடக்கத்தில் வரும் இலக்கமும் எழுத்தும்) கிடைத்துவிட்டது, இது முன்மாதிரியேதான் என்று நான் துள்ளிக் குதித்தேன். உண்மையில் அது அந்த வார்ப்புப் பாகத்தின் எண். விரலால் தடவிப் பாருங்கள்: மேலே புடைத்திருந்தால் வார்ப்பு எண், உள்ளே பள்ளமாக, எழுத்துகள் சற்றே கோணலாக இருந்தால், கையால் பஞ்ச் வைத்துக் குத்திய வரிசை எண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி.

பிறகு முன்னொட்டைப் படிக்க வேண்டும். 1947க்குப் பிந்தைய டி2 வண்டிகளில் 4யூ என்றால் இரு சங்கிலிகளின் மையங்களுக்கு இடையே 40 அங்குலம், 5யூ என்றால் 50 அங்குலம். டேப் வைத்து அளந்து பாருங்கள். அளவு ஒத்துவந்தால், தகடு வேறு வண்டியிலிருந்து பிடுங்கி ஒட்டப்பட்டதா என்ற சந்தேகம் பெருமளவு குறையும்.

ஆனால் முன்னொட்டு ஒன்றே மாடலைச் சொல்லிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1931இல் வந்த டீசல் சிக்ஸ்டியும் அதைத் தொடர்ந்த டீசல் சிக்ஸ்டி ஃபைவும் 1சி என்ற ஒரே முன்னொட்டைப் பகிர்ந்துகொண்டன. 5ஈ இன்னும் மோசம்: ஆர்2, ஆர்3, ஆர்5 ஆகிய மூன்று மாடல்களிலும் அது வருகிறது, எனவே அங்கே பின்னால் வரும் இலக்கங்களே மாடலைப் பிரித்துக் காட்டும்.

சிறிய எண் என்றால் முன்மாதிரி என்பதும் தவறு. ஒரு முன்னொட்டின் முதல் எண் பெரும்பாலும் முதல் விற்பனை வண்டியையே குறிக்கும். சோதனை வண்டிகள் அதற்கு முன்பே வயலில் ஓடி முடிந்திருக்கும். டி9 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 1954இல் டி9எக்ஸ் என்ற பெயரில் பத்துச் சோதனை வண்டிகள் செய்யப்பட்டன, அடுத்த ஆண்டு 18ஏ, 19ஏ முன்னொட்டுகளோடு டி9 விற்பனைக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். பிற்கால டி6டி வண்டிகளில் 04எக்ஸ், 20எக்ஸ் ஆகியவை சாதாரண உற்பத்தி முன்னொட்டுகள்.

எனவே எண்ணைக் கொண்டு ஒரு வண்டி முன்மாதிரி அல்ல என்று பெரும்பாலும் நிறுவிவிடலாம், முன்மாதிரிதான் என்று நிறுவுவது அரிது. எண் பட்டியலில் அடங்காமல் நின்றால், தாள் சான்றுகளுக்குப் போக வேண்டும். பழைய கேட்டர்பில்லர் வண்டி உரிமையாளர்களின் சங்கமான ஆக்மாக்கில் கேட்பதே எனக்கு முதல் வழி. ஹோல்ட், பெஸ்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 1925இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆவதற்கு முந்தைய வண்டி என்றால், ஸ்டாக்டனின் ஹாகின் அருங்காட்சியகத்தையும், டேவிஸ் நகரப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள, பண்ணை இயந்திர ஆவணங்கள் அடங்கிய ஹிக்கின்ஸ் தொகுப்பையும் நாடுங்கள். வண்டியின் பாகங்களை அக்காலப் படங்களோடு ஒப்பிடும்போது, ரேடியேட்டர் கூண்டைவிட வார்ப்புகளையே பாருங்கள். தகரப் பாகங்களை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

பின்சேர்க்கை: புதிய வண்டியின் 17 எழுத்து எண்ணில் முன்னொட்டைக் காணவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். 2000களின் தொடக்கத்தில் வந்த அந்த முறையில் கடைசி ஐந்து இலக்கங்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னுள்ள மூன்று எழுத்துகளை (இலக்கமும் இருக்கலாம்) எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே முன்னொட்டு.