டிஎம்வி கவுன்டரில் ஒரு டிக்: ஓட்டுரிமை இல்லாதவர்கள் கவனத்துக்கு

கையில் இருப்பது எச்-1பி வேலை விசாவோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டோ, குடியுரிமை வாங்கும்வரை அமெரிக்க அதிபர் தேர்தலிலும் காங்கிரஸ் (நாடாளுமன்ற) தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுகிற இடம் வாக்குச்சாவடி அல்ல, ஓட்டுநர் லைசென்ஸ் எடுக்கப் போகிற அலுவலகம், அதாவது டிஎம்வி.

அமைப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். நம்மூர் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் அமைப்பு இங்கே இல்லை. எஃப்இசி என்று ஒரு மத்தியத் தேர்தல் ஆணையம் உண்டு. பிரசாரப் பணத்தின் கணக்கைப் பார்ப்பதோடு அதன் வேலை சரி. வாக்காளர் பட்டியல், வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் மாநிலச் சட்டப்படி பெரும்பாலும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கையில். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் 2 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். செனட்டர்கள் 100 பேர், ஆளுக்கு 6 ஆண்டு. அதிபராக, மாநிலவாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் ஓட்டில் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் அதிக மக்கள் ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டு மொத்தமும் போகும். பிரசார நேரத்தில், யார் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவில் தலைவர்கள் குடியிருக்கிறார்கள், முடிவு முன்பே தெரிந்த கலிபோர்னியாவை எட்டிப் பார்ப்பதில்லை என்றால் காரணம் இதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1993 சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவும் சேர்ந்தே வரும். டெக்சாஸில் டிபிஎஸ், நியூ ஜெர்சியில் எம்விசி என்று அலுவலகத்தின் பெயர் மாறினாலும் ‘வாக்காளராகப் பதிய வேண்டுமா?’ என்ற கேள்வி மாறாது. ஊரில் வாக்காளராகச் சேரப் படிவம் 6 கொடுத்தால் விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவார். இங்கே ஒரு டிக், ஒரு கையெழுத்து, முடிந்தது. ‘கிரீன் கார்டைத்தானே காட்டினோம், அவர்களுக்குத் தெரியாதா?’ என்று நம்பாதீர்கள். கவுன்டரில் இருப்பவர் எல்லாரிடமும் கேட்பதைத்தான் உங்களிடமும் கேட்கிறார். வேலை முடியட்டும் என்று தலையாட்டினால், ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற உறுதிமொழிக்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுந்துவிடும். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: அங்கே இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் ஓட்டுப் போடலாம். அந்தப் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்க்கும்.

குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக முடிவானால் நாடு கடத்தலாம். கிரீன் கார்டுக்கும் நிரந்தரத் தடை வரலாம், அதற்கு மன்னிப்பு மனுவும் அநேகமாக இல்லை. ஓட்டும் போட்டிருந்தால் அது தனிக் குற்றம், ஓராண்டுவரை சிறை. பல ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு என்-400 என்ற விண்ணப்பம் போடும்போதுதான் இது பெரும்பாலும் வெளியே வருகிறது. ‘எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?’ என்று அதில் நேராகவே கேட்பார்கள்.

ஆகவே ‘நோ’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் திரையை மேலிருந்து கீழ்வரை படியுங்கள்; கொடுக்கிற காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மாநிலத் தேர்தல் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் அவர்கள் சொதப்பலாம்: ஒரிகன் டிஎம்வி, குடியுரிமைச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தவறுதலாகப் பதிந்தது 2024இல் வெளிவந்தது. பெயர் இருந்தால் ஓட்டுப் போடாதீர்கள். முதலில் குடியேற்ற வழக்கறிஞர். அவர் சொல்படி கவுண்டிக்கு எழுதி நீக்கி, நீக்கியதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். நீக்கினாலும் பழைய பதிவு அழியாது, என்-400இல் மறைக்கவும் கூடாது. வாக்காளர்களைப் பதியக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்கும் இளைஞர்களுக்கும் இதே ‘நோ’தான்.

நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரச் சொல்லி அழைப்பு வந்தால் குப்பையில் போடாமல், ‘குடிமகன் அல்ல’ என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். தேர்தல் நன்கொடை கிரீன் கார்டுக்காரர் கொடுக்கலாம். எச்-1பிகாரரும் எஃப்-1 மாணவர் விசாக்காரரும் கொடுக்கக் கூடாது, பள்ளி வாரியத் தேர்தலுக்குக்கூட.

நேர்காணலில் தேறினாலும் உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் குடிமகன் இல்லை. பதிவு அதற்குப் பிறகே. அப்போது கட்சியையும் யோசித்துக் குறியுங்கள். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் கட்சி குறிக்காதவருக்கு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிகள் வைக்கும் பிரைமரியில் ஓட்டில்லை. கலிபோர்னியாவில் ‘அமெரிக்கன் இன்டிபென்டன்ட்’ என்பது ஒரு கட்சியின் பெயர். எந்தக் கட்சியும் வேண்டாமென்றால் குறிக்க வேண்டியது ‘நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்’.