ஆரி ரவிக்கை தைக்கக் கொடுக்கும் முன்: நிறம், மணி, கழுத்து, லைனிங்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டங்கள் சூழ்ந்த டவுனில், தீபாவளிக்கு ஆரி வேலை (துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் நூலும் மணியும் கோக்கும் கைவேலை) போட்ட ரவிக்கை வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே சேலையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் தையல் கிடைத்தாலும் கிடைக்கும், கைவேலை கிடைக்காது.

நிறத்தைக் கைப்பேசிப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேலையையே கொண்டுபோங்கள். கடைக்குள் எரியும் விளக்கில் அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றுபோலத் தெரியும். துணியைக் கடை முன் அஞ்சடிக்கு (கூரை போட்ட நடைபாதைக்கு) எடுத்து வந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் சேலை மேல் போட்டுப் பாருங்கள். இரவு விருந்துக்கு உடுத்தும் சேலையானால் வீட்டில் மஞ்சள் விளக்கின் கீழும் ஒரு முறை பார்க்க வேண்டும். கருநீலம் அங்கே கறுப்பாகிவிடும். மயில் கழுத்து போன்ற இரட்டை நிறப் பட்டில் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) இன்னொரு நிறம். முந்தானையைத் தோளில் மடிப்பாகப் போட்டு நில்லுங்கள். மடிப்பில் எது மேலோங்குகிறதோ அதற்குத்தான் ரவிக்கை பொருந்த வேண்டும்.

மணிகளின் நிறத்தைத் தீர்மானிப்பது ஜரிகை. பளிச்சென்ற மஞ்சள் ஜரிகைக்குப் பக்கத்தில் பழந்தங்க நிற மணி வைத்தால் அழுக்குப் படிந்ததுபோல இருக்கும். பத்து மணிகளை ஜரிகை மேல் வைத்து மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். மணி தனியாகத் துருத்தாமல் பளபளப்பு மட்டும் தெரிந்தால் அதுதான் சரியான மணி. துணி நிறம், ஜரிகை நிறம், முந்தானையிலிருந்து எடுத்த ஒரு நிறம், இந்த மூன்றோடு நிறுத்துவது நல்லது. நான்காவது நிறம் சேர்ந்தால் கண்ணுக்குச் சேலை தெரியாது, ரவிக்கைதான் தெரியும்.

வேலைப்பாடு எங்கே வேண்டும் என்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. இடது தோளும் இடது முன்பக்கமும் முந்தானைக்குள் மறைந்துவிடும். பின்னலிட்டுப் பூ வைப்பவர்களுக்கு முதுகின் நடுவில் போட்ட மயில் யார் கண்ணிலும் படாது. அந்தக் காசை ரவிக்கைக் கையின் கீழ் ஓரத்து மூன்று நான்கு அங்குலத்துக்கும் பின்கழுத்தின் இரு ஓரங்களுக்கும் கொடுங்கள். கையின் உட்பக்கத்தில், தையலுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். அங்கே மணி இருந்தால் உடம்போடு உரசித் தோலையும் கீறும், சேலை இழையையும் இழுக்கும். துணியைச் சட்டத்தில் கட்டுவதற்கு முன்பே தையல்காரர் கழுத்துக் கோட்டை வரைந்து கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளித்தான் முதல் மணி. கோட்டை ஒட்டியே கோத்துவிட்டால் பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய பட்டி) வைக்கும்போது மெஷின் ஊசி மணியில் மோதும். ஊசி முறியும், அல்லது மணி நொறுங்கும். பசை வைத்து ஒட்டும் கல்லைவிட நூலில் தைத்த கல் மேல். ஒட்டிய கல் இஸ்திரிச் சூட்டில் கழன்றுவிடும்.

பின்கழுத்தை ஒன்பது அங்குலம் இறக்கினால் முன்கழுத்து ஆறரைக்குள் இருக்கட்டும். இரண்டையும் இறக்கி அகலத்தையும் கூட்டினால் தோள் நழுவாமல் இருக்காது. பின்பக்கம் நாடா வைத்தால் தோளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் கனமான குஞ்சம் தொங்கவிட்டால் அதுவே கழுத்தைக் கீழே இழுக்கும்.

சேலையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். முழங்கை வரை கை வேண்டுமென்றாலோ, உடம்பு கொஞ்சம் பெரிதென்றாலோ போதாது. தனியாக வாங்கினால் 44 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்ட ஓரம் வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தி லைனிங்தான். அதை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். சாயத்தையும் சோதியுங்கள்: ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா? சந்தன நிறப் பட்டுக்குள் சிவப்பு லைனிங் சாயம் விட்டால் அக்குளில் விழும் கறை போகவே போகாது. இரு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு. கையைத் தூக்கித் தலையில் குடத்தைப் பிடிக்கும்போது ரவிக்கை மேலே ஏறும். ஆகவே உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டி, கையைத் தூக்கிப் பார்த்தே அளவு சொல்லுங்கள். மஞ்சள் பருத்தி போதும், மணி வேண்டாம்.

குடும்பத்தோடு செடோண்டோன் (எல்லாரும் ஒரே நிற உடை) போடுவதானால் எல்லாருக்கும் ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் துணி வாங்குங்கள், அடுத்த சுருளில் சாயம் மாறும். பட்டின் நிறத்தைப் பருத்தி ஜிப்பாவில் அப்படியே கொண்டுவர முடியாது. பளபளப்பு வேறு என்பதால் ஏறக்குறைய ஒத்த நிறம் பொருந்தாத நிறமாகத்தான் தெரியும். அதே நிறத்தில் ஒரு படி இளசாக எடுத்தால் உறுத்தாது.

பட்டுநூல் வளையலுக்கு நூல் நிறத்தை ரவிக்கைத் துணியோடு சேர்த்துப் பாருங்கள். இளம் நிற நூலுக்கு அடியில் வெள்ளை வளையல் இருக்க வேண்டும், கறுப்பு வளையல் நூல் இடைவெளியில் எட்டிப் பார்க்கும். நூல் சுற்றியதும் உள்சுற்று குறையும். வழக்கமாக 2.4 அளவு வளையல் போடுகிறவர் 2.6 சொல்லுங்கள்.