விலையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்குக் கீழே 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். மீதியைப் படிக்க அதைத் தட்டித் திறக்க வேண்டும். பலர் திறப்பதில்லை.

வீட்டிலேயே பொடி அரைத்து விற்கும் அக்கா ஒருவர் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவையும் 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு இனிய காலை வணக்கம்' என்றுதான் ஆரம்பிப்பார். விலை? 'இன்பாக்ஸ் வாங்க.' ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் எழுதியே அவருக்குக் கை ஓய்ந்துபோகும். ஒருநாள் உட்கார்ந்து மாற்றினோம்: 'பருப்புப் பொடி, கால் கிலோ 120 ரூபாய். பூண்டு சேர்க்கவில்லை. திங்கள், வியாழன் கூரியர்.' அவ்வளவுதான். விலை கேட்டு வந்த செய்திகள் குறைந்தன. 'ரெண்டு பாக்கெட் வேணும்' என்று நேராகவே வர ஆரம்பித்தன. அந்தப் பூண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்தியது நான்தான். விரத நாளில் சமைப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் தனித்தனியாக, அனுப்புகிறீர்களா? ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், சரி. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரின்போதே 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.